குதிரையும் ஊரடங்கும்

2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. கண்டி, கொரோனா அபாயம் மிகுந்த மாவட்டங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. பாடசாலை மூடப்பட்டு வீட்டில் அடைபட்டிருந்த எம்மிடம் ஒரே வாரத்தில் இருவர், தொலைபேசி வழியாக, ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டனர்.

முதல்வர், வசதி படைத்த நண்பர். குதிரைச் சவாரி அவருடைய பொழுதுபோக்கு. “கட்டியே வைத்தால் குதிரைக்கு நோய் வரும். விடியற்காலையில் ஏறிச் சுற்றி வந்தால் யாருக்கு என்ன நட்டம்?” என்றார்.

மற்றவன் எமது பழைய மாணவன். தோட்டத் தொழிலாளியின் மகன். அவனுடைய அண்ணன் நுவரெலியாவில், கிரகரி வாவிக் கரையில், உல்லாசப் பயணிகளைக் குதிரையில் ஏற்றிப் பிழைப்பவர். “சேர், வருமானம் நின்றுவிட்டது. குதிரைக்குத் தீனி இல்லை. வெளியே கொண்டு போனால் பொலிஸ் பிடிக்குமா?”

நண்பர் கூற்றிலே பாதி உண்மை உண்டு. உழைக்கும் குதிரைக்கு ஓய்வு நாளிலும் முழுத் தானியத்தையே கொடுத்து, மறுநாள் வேலைக்குப் பூட்டினால் அதன் தசைகள் இறுகிவிடும். வண்டிக் குதிரைகளின் காலத்தில் மேனாட்டார் இதனைத் ‘திங்கட்கிழமை நோய்’ என்றனர். ஆனால் தானியத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்டலாம். வளவுக்குள்ளே கயிற்றைப் பிடித்து நடத்தலாம். குதிரைக்கு வேண்டுவது நடை, சவாரி அன்று. தவறி விழுந்து எலும்பை முறித்துக்கொள்பவர், தொற்றை எதிர்நோக்கி நிற்கும் வைத்தியசாலைக்கு வீண் சுமையாவார். இதைச் சொன்னோம்.

அவர் சினந்தார்: “தோட்டத்தார் மட்டும் வெளியே போகலாமோ?”

ஆம், ஊரடங்கிலும் தேயிலைத் தொழிலுக்கு அனுமதி இருந்தது. நெருக்கமான லயங்களிலிருந்து பெண்கள் கொழுந்தெடுக்கச் சென்றனர். அவர்கள் போனது உல்லாசத்துக்கா? துரைமார் குதிரையேறித் தோட்டம் சுற்றிய நாளிலும் அவர்களுடைய முன்னோர் நடந்தே மலையேறினர். நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித் தந்த அவர்களின் 1000 ரூபா நாட்சம்பளக் கோரிக்கை, 2021 மார்ச்சிலேதான் வர்த்தமானியில் ஏறியது.

மாணவனுக்கு மறுமொழி சொல்லவே நாம் தடுமாறினோம். பயணிகளே வராத ஊரில் சவாரிக்கு அனுமதி கிடைத்தும் என்ன பயன்? அவனுடைய அண்ணனுக்கு வேண்டியிருந்தது புல்லறுக்கப் போக ஓர் அனுமதிச் சீட்டும், குதிரைக்குத் தீனியுமே. ஏப்ரலில் அரசு கொடுத்த 5000 ரூபா ஒரு குடும்பத்தின் அடுப்புக்கே போதாது. “கிராம சேவையாளரைக் கேட்டுப் பார், தம்பி” என்றோம். அந்த விடையின் வறுமை இன்றும் எம்மை உறுத்துகின்றது.

இன்பத்துக்காக ஏறுபவனை இறங்கச் சொல்லச் சமுதாயத்துக்கு உரிமையுண்டு. பிழைப்புக்காகக் குதிரை வைத்திருப்பவனையும் வீட்டிலிருக்கச் சொல்லலாம். ஆனால், அவனுக்கும் அவன் குதிரைக்கும் உணவளித்த பின்னரே சொல்லவேண்டும்.