சுமையா, சோறா?

கிருஷ்ணகிரியில் பர்கூர் பஸ் ஏறி, ஜன்னல் சீட் பிடிங்க. பர்கூர் பக்கம் கிரானைட் பாலீஷ் கம்பெனிகள், லாரியில் அசைந்து போகும் ராட்சதக் கற்கள். இந்த மாவட்டத்துப் பலவண்ணக் கல்லுக்கு மார்க்கெட்ல பேரு 'பாரடைசோ'. இத்தாலிய மொழியில் சொர்க்கம்!

குவாரி பாஷையே தனி. படிக்கட்டு மாதிரி வெட்டினா 'பெஞ்ச்'. வைரத்துகள் பதிச்ச மணி கோத்த கம்பியால அறுத்தா 'வயர் சா'. பாறைக்கு மேல கிடக்கிறதெல்லாம் 'ஓவர்பர்டன்', அதாவது மேல்சுமை.

சுமையா? அதோட மேலடுக்குலதானே ராகி விளையுது! அதனால்தான், மேல்மண்ணைத் தனியா எடுத்துச் சேமிக்கணும், பிறகு நிலத்தைச் சீராக்கப் பயன்படுத்தணும்னு 1999 கிரானைட் விதிகள் சொல்லுது. கழிவுக் கல்லோட கலந்துட்டா மண்ணு போச்சு!

குவாரிக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போறீங்களா ஃப்ரெண்ட்ஸ்? அறிக்கையில முதல்ல தேடவேண்டிய வார்த்தை, 'மேல்மண்'.