தில்லை கண்டோம்

பால்மரக் காட்டிலே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் காட்டைக் காட்டப் புறப்படுவானேன் என்று சிலர் எங்களைக் கேலி செய்தனர். வரிசை பிடித்து நட்ட மரங்கள் காடாகுமா? கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டத்தாரும் பட்டணத்தாருமாக நாங்கள் பதினெட்டுப் பேர், கடல்நீர் வற்றும் வேளை பார்த்து, பாகான் நக்கோடா ஓமாரில் கடலுக்கும் மண்ணணைக்கும் இடையே நிற்கும் சதுப்புக் காட்டினுள் நடந்தோம்.

நடந்தோம் என்பது சற்று மிகை. சேறு முழங்கால்வரை இழுத்தது. மலாய்க்காரர் அப்பி-அப்பி என்று வழங்கும் கண்டல் மரத்தைச் சுற்றி, எழுதுகோல்களைக் குத்தி வைத்தாற்போல் வேர்கள் மேல்நோக்கி நின்றன. சேற்றினுள் காற்றில்லை, ஆகையால் வேர் மூச்சுவிட வெளியே வருகிறது. பாக்காவ் மரத்திலோ, காய் கிளையில் தொங்கும்போதே முளைவிட்டுக் கோல்போல் நீண்டு, பின்புதான் விழுகிறது.

அணையோரத்து மேட்டில், பச்சை இலைகளிடையே சில இலைகள் சிவந்து பழுத்திருந்த சிறு மரமொன்றைக் கண்டோம். கூடவந்த சிறுவன் ஓர் இலையைக் கிள்ளிவிட்டு, கிளையை ஒடிக்கவும் கை நீட்டினான்.

“தம்பி, தொடாதே! பால் வடியுது பார். அந்தக் கையாலே கண்ணைத் தொட்டிடாதே” என்று ஓர் அம்மையார் அவன் கையைப் பற்றிக்கொண்டார். முப்பதாண்டு பால் வெட்டியவர் அவர்.

அவர் அஞ்சியது வீணன்று. அப்பால் கண்ணிற் பட்டால் பார்வையைக் கெடுக்கும். மலாய்க்காரர் அம்மரத்திற்கு இட்ட பெயர் புத்தா-புத்தா. புத்தா என்றால் குருடு. நம் முன்னோர் இட்ட பெயர் தில்லை. ஆம், சிதம்பரத்திற்குப் பெயர் தந்த அதே தில்லைதான். அவ்வூருக்கருகே பிச்சாவரத்துச் சதுப்புக் காட்டில் இன்றும் வளர்கிறது. தாவர நூலார் கணக்கில் ரப்பரும் தில்லையும் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஊருக்குக் கப்பலேறிய நாட்களில், தில்லையைக் கண்டுவந்தோம் என்று பெருமை பேசிய பெரியோர் எங்கள் தோட்டங்களிலும் இருந்தனர். அவர்களுள் ஒருவரேனும் இக்கரையிலே தில்லை நிற்பதைச் சொன்னாரில்லை! பட்டணத்து நண்பர்கள் கைப்பேசியில் மரத்தின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தபோதே, பள்ளி வாசலை மிதியாத அம்மையார் பாலைக் கண்டு மரத்தின் குணத்தை அறிந்துவிட்டார். அவரைப் போன்றோரை ‘ஒன்றும் அறியாதவர்கள்’ என்று நாம் எத்தனை எளிதாய்ச் சொல்லிவிடுகிறோம்!

கடலோர விளிம்பில் சில மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. வேர்கள் பிடித்திருந்த சேற்றை அலை அரித்துக்கொண்டு போகிறது. அடுத்த வரிசையும் சாய்ந்தால் அலைக்கு முன்னே மண்ணணை மட்டுமே நிற்கும். அணைக்கு இப்பால் குடிகளும் பயிர்களும்.

நீர் ஏறத் தொடங்கிற்று. சிறுவன் விழுந்து கிடந்த பாக்காவ் முளைகளைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு, எந்தப் பக்கம் மேலாக நடவேண்டும் என்று அம்மையாரைக் கேட்டுக்கொண்டே வந்தான்.