சவுரி வைக்காத பின்னல்

என் மகளுக்கு ஒன்பது வயது. தலை குளித்து எழுந்ததும் அவள் முடி இடுப்பைத் தொடும். காய்ந்ததும் முதுகின் நடுவுக்கு ஏறிவிடும். காய்ந்த நேரத்தில் மட்டும் பார்த்தவர்கள், “பிள்ளைக்கு முடியே வளர மாட்டேங்குதே, ஒரு சவுரி வச்சுப் பின்னிவிடேன்” என்பார்கள். முடி வளராமல் இல்லை. எல்லோருக்கும்போல அவளுக்கும் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வளர்கிறது. அந்த நீளம் சுருளுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

இதே பேச்சைக் கேட்டு வளர்ந்தவள் நான். அம்பாசமுத்திரத்தில் ஆச்சி வீட்டுப் புறவாசலில் ஒரு துவைகல் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆச்சி அதன்மேல் உட்காருவாள், நான் கீழே. செம்பருத்தி இலையைத் தண்ணீரில் போட்டுக் கசக்கிப் பிழிந்தால் முட்டையின் வெள்ளைக் கருபோலக் கொழகொழவென்று ஒரு சாறு வரும். சீயக்காய் தேய்த்து அலசிய தலையில் அதைப் பூசி, முடியை நாலு பாகமாகப் பிரித்து முடிந்துவிட்டு, ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சிக்கெடுப்பாள். முதலில் விரல்தான். பிறகுதான் அகலப் பல் மரச்சீப்பு. நுனியிலிருந்து தொடங்குவாள், நாலு விரற்கடை பிரிந்த பிறகே அதற்கு மேல் நாலு விரற்கடை. மேலிருந்து சீப்பை இழுத்தால் சின்னச் சின்னச் சிக்கெல்லாம் கீழே போய்ச் சேர்ந்து ஒரே முடிச்சாகிவிடும். சீப்பு ஓடும் இடத்துக்கு மேலே இடக்கையால் முடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள், இழுப்பு வேருக்குப் போகாமல் இருக்க. “ஏளா, தலைய ஆட்டாத” என்பதைத் தவிர அந்த ஒரு மணி நேரத்தில் அவள் பேசிய வேறு சொல் எனக்கு நினைவில் இல்லை.

அவள் கையால் அறிந்திருந்ததற்குக் காரணங்களை நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். நேர் முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஏறக்குறைய வட்டமாக இருக்கும். சுருட்டை முடி தட்டையான நீள்வட்டம். தோலுக்குள் அது முளைக்கும் பையே வளைந்திருக்கிறது. தலைத்தோலில் ஊறும் எண்ணெய் நேர் முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும். சுருளில் வளைவுக்கு வளைவு தங்கி, பாதி வழியிலேயே நின்றுபோகும். அதனால்தான் வேரில் பிசுக்கும் நுனியில் வறட்சியுமாக இருக்கிறது. வளைவுகள்தான் முதலில் ஒடியும் இடங்கள்.

தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டிய இன்னொன்று உண்டு. எந்தத் தலையிலும் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. நேர் முடியில் அது தரையில் விழுந்துவிடும். சுருட்டையில் உதிர்ந்த முடி பக்கத்துச் சுருளில் மாட்டிக்கொண்டு அங்கேயே இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை சிக்கெடுக்கும்போது ஏழு நாள் முடியும் ஒரே நேரத்தில் கைக்கு வருகிறது. அந்தக் கைப்பிடியைப் பார்த்து மகளுக்கு வழுக்கை விழுந்துவிடுமோ என்று நான் அழுதிருக்கிறேன். அழ வேண்டிய அவசியமே இல்லை.

பின்னுவது அரை ஈரத்தில். சொட்டச் சொட்ட இருக்கும்போது முடி நீண்டு கொடுக்கும்; அப்போது இறுக்கிப் பின்னினால், காய்ந்து சுருங்கும்போது பின்னல் இன்னும் இறுகி வேரைப் பிடித்து இழுக்கும். பின்னலின் மூன்று கால்களையும் கண்ணளவில் பிரித்தால் தப்பாகப் போகும், ஏனென்றால் பொசுபொசுவென்று நிற்கும் முடி ஏமாற்றும். கைக்குள் அழுத்திப் பார்த்துத்தான் கனம் சமமா என்று சொல்ல முடியும். ஒரே தலையில் ஒரே மாதிரிச் சுருள் இருப்பதும் இல்லை. என் மகளுக்குப் பிடரியில் மோதிரம் மோதிரமாக, உச்சியில் வெறும் நெளி. நெற்றியோரத்துப் பூனைமுடியைப் பின்னலுக்குள் இழுக்கவே கூடாது. தினமும் இறுக்கி வாரி வாரி நெற்றியோரமும் காதுக்கு மேலும் முடி போய்விடுவதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது, இழுவை முடியுதிர்வு என்று. தொடக்கத்திலேயே இறுக்கி வாருவதை விட்டுவிட்டால் திரும்ப முளைக்கும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் வேர்ப்பை தழும்பாகிவிடும், பிறகு முளைக்காது.

இத்தனை பாடு கேட்கும் முடி ஒன்றைத் திருப்பியும் தருகிறது. நேர் முடியில் பின்னல் வழுக்கி அவிழும். சுருள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். என் மகளின் பின்னல் நுனியில் ரப்பர் பேண்ட் போடாவிட்டாலும் சாயங்காலம்வரை நிற்கிறது.

சவுரி என் தலையில் ஒரே ஒரு முறை ஏறியது. ஐந்தாம் வகுப்பு, பள்ளி ஆண்டு விழா, பரதநாட்டியம். ஒப்பனை செய்ய வந்தவர் என் முடியைத் தண்ணீர் தெளித்துப் படிய இழுத்து, அடியில் சவுரியைச் சேர்த்துப் பின்னி, அசையாதபடி ஹேர்பின்களைக் குத்தினார். மேலே இருப்பது என் சுருள், கீழே தொங்குவது யாருடையதோ நேர் முடி. சேர்த்த இடம் மறைய வேண்டுமென்று இன்னும் பின், இன்னும் இழுப்பு. ஒவ்வொரு திரும்பலுக்கும் அதன் கனம் பிடரியைச் சுண்டியது. ஆடி முடித்தபோது எனக்கு ஆட்டம் நினைவில் இல்லை, தலைவலிதான் இருந்தது. இரவு ஆச்சி ஒவ்வொரு பின்னாக உருவித் தட்டில் போட்டாள். எண்ணினோம், 31. சவுரியைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “எந்தப் பொம்பளை எதுக்கு நேந்துகிட்டு எறக்குன முடியோ” என்றாள். அதைச் சுருட்டி, மரியாதையாக ஒரு துணியில் முடிந்து வைத்தாள்.

அவள் சொன்னது வெறும் பேச்சில்லை. திருப்பதியில் இறக்கும் முடியைத் தேவஸ்தானம் ஏலத்தில் விற்கிறது. விக்காகவும் சவுரியாகவும் அது உலகமெங்கும் போகிறது. நோய்வாய்ப்பட்டு முடியிழந்தவருக்கு அது பெரிய ஆறுதல், அதை மதிக்கிறேன். தலை நிறைய முடி இருக்கும் பிள்ளைக்கு, அதன் அளவு போதவில்லை என்று சொல்லிச் சவுரியைக் கட்டிவிடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சுருட்டை முடியை அதன் போக்கிலேயே பின்னுவதில் நம்மைவிடத் தேர்ந்தவர்கள் மேற்கு ஆப்பிரிக்கப் பெண்கள். நைஜீரியப் புகைப்படக் கலைஞர் ஜே.டி. ஒகாய் ஒஜைக்கெரே 1968இல் தொடங்கிப் பல ஆண்டுகள் அந்நாட்டுப் பெண்களின் தலையலங்காரங்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். ஏறத்தாழ ஆயிரம் படங்கள். அவற்றில் மிகப் பல பின்னந்தலையைக் காட்டுபவை, முகம் தெரியாது. தலைத்தோலை ஒட்டி ஓடும் பின்னல்கள், கறுப்பு நூல் சுற்றிக் கம்பிபோல நிமிர்த்திய முடிக்கற்றைகள். அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு ஆச்சியின் துவைகல் ஞாபகம் வந்தது. பின்னிவிடுகிறவளுக்குத் தெரியும் முகம் பின்னந்தலைதான். என் சுழி எந்தப் பக்கம் திரும்பும் என்பது எனக்கே தெரியாது, ஆச்சிக்குத் தெரியும்.

நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் இந்த நூல் சுற்றும் வழக்கம் பழையது. சூடில்லாமல் சுருளை நீட்டி எடுக்கவும் அது உதவுகிறது. மகளின் அரை ஈர முடியில் நானும் தளர்வாக நூல் சுற்றி, காயவிட்டு அவிழ்த்தேன். பின்னினால் வழக்கத்தைவிட நாலு விரற்கடை நீளமாக வந்தது. அத்தனையும் அவளுடைய முடிதான்.

நம் பழைய இலக்கியமும் சுருளைக் குறையாக நினைத்ததில்லை. சங்கப் புலவர்கள் பெண்ணின் கூந்தலுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன உவமை அறல். ஆற்று நீர் வடிந்த இடத்தில் கருமணல் வரிவரியாக நெளிந்து கிடக்குமே, அதுதான். தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். கூந்தலுக்கு ஐம்பால் என்றும் ஒரு பெயர் உண்டு. ஐந்து வகையாக முடிப்பது என்று பொருள். அந்த ஐந்தில் ஒன்றுக்குச் சுருள் என்றே பெயர். பள்ளியில் என்னைப் பரட்டை என்று கூப்பிட்டார்கள் என்று அழுதுகொண்டு வந்தால், “சுருட்ட முடி சோறு போடும், போய்ச் சாப்பிடு” என்பாள் ஆச்சி.

பரட்டை என்ற அந்தச் சொல் இப்போது வேறு உருவத்தில் வருகிறது. போன வருடம் மகளின் பள்ளி டைரியில் ‘தலை ஒழுங்காக வாரப்படவில்லை’ என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். அன்று காலை ஒரு மணி நேரம் சிக்கெடுத்துப் பின்னிய தலை அது. காதோரம் நாலு சுருள் வெளியே எட்டிப் பார்த்தது, அவ்வளவுதான். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம், பிறவி முடியமைப்பையும் பின்னலையும் காரணம் காட்டிப் பள்ளியிலோ வேலையிலோ ஒதுக்கக் கூடாது என்று 2019இல் சட்டமே போட்டது. நமக்குச் சட்டம்வரை போக வேண்டியதில்லை. ஆசிரியையிடம் நேரில் போய்ப் பேசினேன், முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அதற்குப் பிறகு டைரியில் ஒன்றும் வரவில்லை.

இந்த ஆண்டு விழாவில் மகள் ஆடினாள். சவுரி வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டேன். நூல் சுற்றி நீட்டிய அவளுடைய பின்னலின் நுனியில் ஆச்சியின் பழைய குஞ்சலத்தைக் கட்டிவிட்டேன். திரும்பும்போதெல்லாம் அது அவள் முதுகில் தட்டியது, சிரித்துக்கொண்டே ஆடினாள்.

நடனம் சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். சுருட்டை முடிக்காரப் பிள்ளைக்குச் சவுரி வாங்கும் முன், அவள் முடியை ஒருமுறை நனைத்து, மெல்ல நீவி, எதுவரை வருகிறது என்று பாருங்கள்.