'ஹார்டு டிஸ்க் போச்சு'ன்னு சொன்னதும் நம்பிடாதீங்க!

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வந்தால் பலருக்கும் பாதி உயிர் போய்விடும். உங்கள் ஃபைல்கள் அழிந்துவிட்டன என்று அதற்கு அர்த்தமில்லை. விண்டோஸை எங்கிருந்து தொடங்குவது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

போன மாதம் ஈரோட்டிலிருந்து அம்மா போன் செய்தார். "கண்ணு, கம்ப்யூட்டர் கறுப்பா நின்னுக்குது. கடைக்காரத் தம்பி ஹார்டு டிஸ்க் போச்சுங்கறாரு. ஃபார்மட் பண்ணிக் குடுக்க 800 ரூவாயாம்."

டிஸ்க் போயிருந்தால் எதை ஃபார்மட் செய்வார்? சந்தேகம் வந்ததே அங்கேதான். ஃபார்மட் செய்தால் அப்பத்தாவின் குரலும் போய்விடும். அவர் இறப்பதற்கு முந்தைய வருடம் அப்பா பதிவு செய்து வைத்த கதைகள். வேறெங்கும் காப்பி இல்லை. "யாரையும் தொட விடாதம்மா" என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை சென்னையிலிருந்து ரயிலேறினேன்.

பென் டிரைவ் ஏதாவது செருகியிருந்தால், சில கம்ப்யூட்டர்கள் அதிலிருந்தே தொடங்கப் பார்த்து நின்றுவிடும். அப்படி எதுவும் இல்லை. ஆன் செய்தவுடன் டெலீட் பட்டனைத் தட்டி பயாஸுக்குள் போனேன். (சிலவற்றில் எஃப் 2.) அங்கே ஹார்டு டிஸ்க்கின் பெயர் இல்லையென்றால் கேபிள் கழன்றிருக்கலாம், டிஸ்க்கே பழுதாகியும் இருக்கலாம். எங்கள் டிஸ்க்கின் பெயர் இருந்தது. ஆனால் தேதி 2012 என்று காட்டியது!

அதுதான் துப்பு. மதர்போர்டில் நாணயம் போல 'சிஆர் 2032' என்று ஒரு 3 வோல்ட் பேட்டரி இருக்கும். அது தீர்ந்துபோனால், பிளக்கைப் பிடுங்கியதும் தேதி மறந்துபோகும். பயாஸ் செட்டிங்கும் ஆரம்ப நிலைக்குப் போய்விடலாம். எங்கள் விண்டோஸ் பழைய 'லெகசி' முறையில் போட்டது. பயாஸோ 'யுஇஎஃப்ஐ'க்கு மாறி, டிஸ்க்கைக் கண்டுகொள்ளாமல் இருந்தது. பவர் கார்டைக் கழற்றிவிட்டு பேட்டரியை மாற்றினேன். 40 ரூபாய். தேதியைச் சரிசெய்து, லெகசிக்கு மாற்றி, சேவ் கொடுத்ததும் விண்டோஸ் வந்துவிட்டது.

எல்லோருக்கும் இவ்வளவு சுலபமாக முடியாது. டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' சத்தம் கேட்டால் உடனே ஆஃப் செய்துவிடுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்தால் சேதம் கூடும். அது டேட்டா ரெக்கவரி செய்பவர்களின் வேலை. டிஸ்க் பெயர் தெரிந்தும் விண்டோஸ் வரவில்லையா? லினக்ஸ் போட்ட பென் டிரைவில் கம்ப்யூட்டரைத் தொடங்கி ஃபைல்களை எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். ஃபார்மட் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அன்று முதல் வேலையாக 23 ஆடியோ ஃபைல்களையும் பென் டிரைவில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று எனக் காப்பி எடுத்தேன். பின்னால் நின்ற அம்மா, "அந்த நரிக் கதை இருக்குதா பாரு கண்ணு" என்றார்.

இருந்தது. 14 நிமிடம்.