ஏழு ஏரி பார்க்கப் போய் ரெண்டோட திரும்பின கதை

இமயமலைக்கு ட்ரெக்கிங் போனவங்க எழுதுறதுல எல்லாம் கடைசியில ஒரு கணவாய் உச்சி வரும். அங்க நின்னு ரெண்டு கையையும் விரிச்சு ஒரு ஃபோட்டோ இருக்கும். இதுல அது கிடையாது. முன்னாடியே சொல்லிடறேன், முழுசாப் படிச்சிட்டுத் திட்டக்கூடாது.

2023 ஜூலையில காஷ்மீர் கிரேட் லேக்ஸ் போயிருந்தேன். சோனமர்க்ல ஆரம்பிச்சு நாராநாக்ல இறங்குற, சுமார் 70 கிலோமீட்டர் நடை. நடுவுல விஷன்சர், கிருஷன்சர், கட்சர், சத்சர், நந்த்கோல், கங்கபல்னு வரிசையா ஏரிங்க. 'சர்'னா ஏரி. கட்சர்னா மீன் ஏரி, சத்சர்னா ஏழு ஏரி. மூணு கணவாய் தாண்டணும். கைடு, சமையல்காரர், டெண்ட், சாமான் தூக்கக் குதிரைன்னு எல்லாம் அவங்களே பார்த்துக்குவாங்க. நாம காசு கட்டிட்டு நடந்தாப் போதும். அப்படித்தான் நினைச்சுட்டுப் போனேன்.

கிளம்பும்போதே ஒரு பொய். எங்கம்மாவுக்குக் காஷ்மீர்னா 1992-ல வந்த ரோஜா படம்தான். அதுல அர்விந்த்சாமியைக் கடத்தினதுக்கு அப்புறம் அந்த ஊர்ல வேற எதுவுமே நடக்கலைங்கிறது அவங்க நம்பிக்கை. (அந்தப் படத்து காஷ்மீர்ல முக்காவாசி மணாலியும் குன்னூரும்தான்னு சொன்னா காதுலயே வாங்க மாட்டாங்க.) அதனால கோவில்பட்டிக்கு ஃபோன் போட்டு, "டெல்லியில ஆபீஸ் ட்ரெயினிங்மா, ஒரு வாரம், ஃபோனை வாங்கி வெச்சுக்குவாங்க"ன்னு சொல்லிட்டேன். டெல்லின்னா பத்திரமான ஊராச்சே! என்னோடது ப்ரீபெய்ட் சிம். வெளி மாநிலத்து ப்ரீபெய்ட் காஷ்மீர்ல வேலை செய்யாது. பொய்க்கு அதுவும் வசதியாப் போச்சு. ஸ்ரீநகர்ல படகு வீட்டு வைஃபையில இருந்து "ட்ரெயினிங் ஆரம்பிச்சாச்சு"ன்னு ஒரு மெசேஜ். அதோட சரி.

ஜூலை 11 காலையில நடக்க ஆரம்பிச்சோம். முதல் நாளே சோனமர்க் பக்கத்துல இருந்து நிச்னாய் வரைக்கும் ஆயிரம் மீட்டருக்கு மேல ஏத்தம். 3000 மீட்டர் தாண்டிட்டா, ராத்திரி தூங்குற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூட்டாதேன்னு டாக்டருங்க சொல்வாங்க. இந்த ரூட்ல முதல் நாளே அந்தக் கணக்கு உதைக்கும். சாயங்காலம் டெண்டுக்குள்ள உட்கார்ந்தப்ப நெத்திப் பொட்டுல யாரோ பெருவிரலை வெச்சு அமுக்குற மாதிரி இருந்துச்சு. ராச் சாப்பாடு இறங்கலை.

தினமும் சாயங்காலம் கைடு ஒரு நோட்டு எடுத்துட்டு வருவார். என் வயசுதான் இருக்கும் அவருக்கு, ஸ்ரீநகர்க்காரர். விரல்ல ஆக்ஸிமீட்டரை மாட்டி நம்பரை எழுதிக்கிட்டு, "தலைவலி இருக்கா? வாந்தி வருதா? சாப்பிட்டியா?"ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்பார். எனக்கு முன்னாடி உட்கார்ந்திருந்தது புனேல இருந்து வந்த ஒரு ரிட்டயர்டு பேங்க் அம்மா. அவங்களுக்கு 92. எனக்கு 84.

இந்த எடத்துல நான் பண்ணின காரியத்தை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை. "விரல் சில்லுன்னு இருக்கு, மறுபடி பாருங்க"ன்னு சொல்லிட்டு, சூடான டீ டம்ளரை ரெண்டு கையாலயும் அஞ்சு நிமிஷம் கட்டிப் புடிச்சுக்கிட்டேன். விரல் குளிர்ந்து கிடந்தா நம்பர் குறைச்சலாக் காட்டும்கிறது நெசம்தான், கைடும் அதுக்காகத்தான் சரின்னார். கூடவே நான் மூச்சை வேற இழுத்து இழுத்து விட்டேன். 89 காட்டுச்சு. "தலைவலி?" "இல்லை." டெஸ்ட் ஃபெயிலாச்சுன்னா கோடை சரி பண்ணாம டெஸ்டை சரி பண்றது நம்ம தொழில்ல புதுசா என்ன?

ஏன் சொல்லலைன்னா... மேனேஜர் கால்ல விழாத குறையா வாங்கின லீவு. நாலு மாசமா வேளச்சேரியில காலையில எந்திரிச்சு ஓடின ஓட்டம். 28 வயசுல, 60 வயசு அம்மா மேல ஏறும்போது நாம இறங்குறதாங்கிற மானப் பிரச்சினை வேற. ஓடிப் பழகினவனுக்கு மலை வியாதி வராதுன்னு ஒண்ணும் கிடையாதுன்னு பின்னாடிதான் படிச்சேன்.

மறுநாள் நிச்னாய் கணவாய் தாண்டி விஷன்சர். கணவாய்க்கு இந்தப் பக்கம் ஓடுற தண்ணி சிந்த் ஆத்துல சேர்ந்து (இது பெரிய சிந்து நதி இல்லை, வேற) ஜீலத்துக்குப் போகுது. அந்தப் பக்கம் விஷன்சர்ல இருந்து கிஷன்கங்கா கிளம்பி, குரேஸ் வழியா எல்லைக் கோட்டைத் தாண்டி, முசாபராபாத்ல போய் அதே ஜீலத்தோட சேருது. ஒரே மேட்டோட ரெண்டு சரிவுல பிரிஞ்ச தண்ணி, எங்கயோ எல்லைக்கு அப்பால ஒண்ணா ஆகுதுன்னு கைடு விரலால மண்ணுல கோடு போட்டுக் காட்டினார். நான் பாரசிட்டமால் முழுங்கிட்டுத் தலையாட்டிட்டு இருந்தேன்.

விஷன்சர் ஏரியைப் பத்தி என்ன எழுதினாலும் ஃபோட்டோவுல வர்ற மாதிரிதான் வரும். ஃபோட்டோவுல வராதது சத்தம். ஏரிக்கரையில பக்கர்வால்கள் நூத்துக்கணக்குல ஆடு மேய்ச்சுட்டு இருந்தாங்க. குளிர்காலத்துக்கு ஜம்மு பக்கம் இறங்கிட்டு, கோடைக்குக் குடும்பத்தோட நடந்தே மேல வர்றவங்க. ஆடுங்க கத்துறது தண்ணியில பட்டு எதிர் மலையில இருந்து திரும்பி வரும். நம்ம ஊர்க் கண்மாய்க் கரையில சாயங்காலம் கேக்குற அதே சத்தம்தான். கண்ணை மூடிக்கிட்டா ஊர், திறந்தா பனி. அன்னிக்கும் நோட்டு வந்துச்சு. அன்னிக்கும் "இல்லை"ன்னுட்டேன்.

13-ம் தேதி காலையில கட்சர் கணவாய். இருக்கறதுலயே உசரமானது, சுமார் 4200 மீட்டர். கிருஷன்சர் ஏரியை ஒட்டிப் பாதை செங்குத்தா ஏறும். பாதி ஏறினதும் கீழ ரெண்டு ஏரியும் ஒரே நேரத்துல தெரியும்னு படிச்சிருந்தேன். தெரிஞ்சுச்சு. மேல கிருஷன்சர், கொஞ்சம் கீழ விஷன்சர், ரெண்டும் ரெண்டு நீலம். பார்த்துக்கிட்டே வாந்தி எடுத்தேன்.

கைடு ஒண்ணும் பேசலை. ஒரு தட்டையான இடத்துக்குக் கூட்டிட்டுப் போய், ஒரு காலோட குதிகாலை இன்னொரு கால் விரலோட ஒட்ட வெச்சு நேர்கோட்டுல பத்தடி நடக்கச் சொன்னார். தள்ளாடினா மூளையில நீர் கோத்துடுச்சுன்னு அர்த்தம், அது உயிருக்கே உலை. நடந்தேன், தள்ளாடலை. "எப்ப இருந்து தலைவலி?"ன்னார். இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன்.

கத்துவார்னு பார்த்தேன். கத்தலை. குரலே எழும்பாம அவர் இந்தியில சொன்னது: "நிச்னாய்லயே சொல்லியிருந்தா சோனமர்க் வரைக்கும் வெறும் இறக்கம். மத்தியானத்துக்குள்ள சரியாயிருப்ப. இப்ப நீ விஷன்சர்ல மாட்டிக்கிட்டே. அங்க இருந்து எந்தப் பக்கம் போனாலும் முதல்ல ஏறணும்." மலை வியாதிக்கு மருந்து கீழ இறங்குறது. இறங்கவே ஏற வேண்டிய இடத்துல போய் நான் படுத்திருக்கேன். ஒரு ராத்திரி முன்னாடி சொல்ற ஒத்தை வார்த்தைக்கு இவ்வளவு விலைன்னு அப்பதான் உறைச்சுது.

மத்தவங்க மேல போனாங்க. புனே அம்மா என் தோளைத் தட்டிட்டுப் போனாங்க. என்னை ஒரு உதவியாளரோடவும் ஒரு குதிரைக்காரரோடவும் விஷன்சருக்கே திருப்பி அனுப்பிட்டாங்க. அன்னிக்கு முழுக்க அங்கயே ஓய்வு, மோசமானா ராத்திரின்னாலும் கிளம்பணும், தேறினா மறுநாள் குதிரை மேல நிச்னாயைத் தாண்டணும். இதான் ஏற்பாடு.

குதிரைக்காரருக்கு அம்பது வயசுக்கு மேல இருக்கும். சாச்சான்னுதான் கூப்பிடுவோம். அவருக்கு என் மேல செம கடுப்பு, நியாயம்தானே? அவரோட இன்னொரு குதிரை வேற ஆள் கையில கட்சர் பக்கம் போயிடுச்சு. ஒவ்வொரு தடவையும் கணவாய்ப் பக்கம் பார்த்துட்டு எதையோ முணுமுணுத்தார். ஆனா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை டெண்டைத் திறந்து, நான் மூச்சு விடுறனான்னு பார்த்துட்டுப் போவார். சாயங்காலம் நூன் சாய் போட்டுக் குடுத்தார். உப்புப் போட்ட டீ, ரோஸ் கலர்ல இருக்கும். ரெண்டு நாளைக்கு அப்புறம் வயித்துல தங்கின முதல் ஆகாரம் அதுதான். ராத்திரி தலைவலி விட்டுச்சு.

14-ம் தேதி குதிரை மேல, பனி இருந்த இடத்துல மட்டும் இறங்கி நடந்து, பொழுது சாயுறப்ப சோனமர்க். என் சிம்ல உயிர் இல்லை. சாச்சா ஃபோனை வாங்கி அம்மாவுக்கு அடிச்சேன். தெரியாத நம்பர்னா எடுக்க மாட்டாங்க. மூணாவது தடவை எடுத்தாங்க.

"அம்மா, நாந்தான்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "தண்ணி வடிஞ்சிருச்சாடா?"ன்னாங்க.

எந்தத் தண்ணின்னு எனக்கு விளங்கலை. மக்களே, அந்த வாரம்தான் டெல்லியில யமுனை 208.66 மீட்டருக்கு ஏறி, 1978-ல ஏறின உச்சத்தையே தாண்டியிருக்கு. செங்கோட்டைச் சுவர் வரைக்கும் வெள்ளம். ரெண்டு நாளா அம்மா டிவி முன்னாடியே உட்கார்ந்து, படகுல ஏத்துற ஆளுங்க முகத்துல எல்லாம் என்னைத் தேடியிருக்காங்க. மாமா டெல்லிக்கு ரயில் டிக்கெட் பார்த்துட்டு இருந்திருக்கார். பத்திரமான ஊர்னு நான் தேடிப் புடிச்ச ஊர்!

எல்லாத்தையும் சொன்னேன். காஷ்மீர், தலைவலி, டீ டம்ளர் ஒண்ணு விடாம. திட்டவே இல்லை, அதுதான் பயமா இருந்துச்சு. "கூட யாரு இருக்கா?"ன்னாங்க. குதிரைக்காரர்னேன். "ஃபோனை அவர்கிட்ட குடு."

எங்கம்மாவுக்கு இந்தியில ஒரு வார்த்தை தெரியாது. சாச்சாவுக்குத் தமிழ்னு ஒரு பாஷை இருக்கறதே தெரியுமோ என்னவோ. ரெண்டு நிமிஷம் பேசினாங்க. அவர் "ஹாஞ்ஜி, ஹாஞ்ஜி"ன்னு தலையை ஆட்டினார், ஏதோ நீளமாப் பதில் வேற சொன்னார். ஃபோனை வெச்சதும் முதல் தடவையா என்னைப் பார்த்துச் சிரிச்சார். நான் குடுத்த பணத்தை ரெண்டு தடவை எண்ணிப் பார்த்துட்டுப் பையில வெச்சுக்கிட்டுக் கிளம்பிட்டார்.

மறுநாள் ஸ்ரீநகர் ஜாமியா மசூதிக்குள்ள ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 378 தேவதாரு மரத் தூண். காட்டை அப்படியே கொண்டாந்து நிறுத்தி வெச்ச மாதிரி. அதுக்கடுத்த நாள் நாராநாக் போய் எங்க ஆளுங்க இறங்கி வர்றதுக்காகக் காத்திருந்தேன். அங்க இடிஞ்ச கல் கோயில்கள் இருக்கு, எட்டாம் நூற்றாண்டு லலிதாதித்யன் காலத்துப் பணின்னு சொல்றாங்க. கங்கபலுக்கு யாத்திரை போறவங்க ஏறத் தொடங்குற இடம். பண்டிட்டுகள் அந்த ஏரியிலதான் அஸ்தி கரைப்பாங்க. அதுக்கு மேல ஹர்முக் மலை. 1856-ல மாண்ட்கோமரின்னு ஒரு சர்வேயர் அந்த மலை மேல நின்னு, ரொம்பத் தூரத்துல தெரிஞ்ச ரெண்டு சிகரத்துக்கு கே1, கே2ன்னு நம்பர் போட்டார். அந்த மகா சர்வே 1802-ல சங்கிலி போட்டு அளக்க ஆரம்பிச்சது நம்ம பரங்கிமலைகிட்ட. தினமும் ஆபீஸ் போற வழி! நான் கடைசி வரைக்கும் ஏறாத மலையோட எனக்கிருக்கிற ஒரே சொந்தம் இதுதான்.

புனே அம்மா வெயில்ல கறுத்துப் போய் இறங்கி வந்தாங்க. கைடு என்னைப் பார்த்ததும் பையில இருந்து ஆக்ஸிமீட்டரை எடுத்து விரல்ல மாட்டினார். 97. நோட்டுல எழுதிக்கிட்டார்.

அம்மா அந்த நம்பரை 'காஷ்மீர் குதிரை'ன்னு சேவ் பண்ணி வெச்சிருந்தது எனக்கு 2025 ஏப்ரல்லதான் தெரியும். பஹல்காம் பைசரன்ல 26 பேரைச் சுட்டுக் கொன்ன மறுநாள் கூப்பிட்டாங்க. "செத்தவங்கள்ல ஒருத்தர் குதிரைக்காரராம்டா, நம்ம ஆளுக்குப் போட்டா எடுக்கவே மாட்டேங்கறாரு." அது வேற பள்ளத்தாக்கும்மா, இவர் சோனமர்க்னு சொன்னேன். "நீ போட்டுப் பாரு."

அன்னிக்கு எடுக்கலை. அடுத்த நாள் எடுத்தார். குதிரை நல்லா இருக்கு, ஆளுங்கதான் யாரும் வரலை, புக் பண்ணினவங்க எல்லாம் கேன்சல் பண்ணிட்டாங்கன்னார். அம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டார். அவங்களையும் லைன்ல சேர்த்து விட்டேன். அவங்க பாட்டுக்குத் தமிழ்ல ஆரம்பிச்சாங்க, அவர் பாட்டுக்கு "ஹாஞ்ஜி, ஹாஞ்ஜி"ன்னார்.