பாட்டே இல்லாத கேசட்டும் கூரையே இல்லாத வீடும்

ரொம்ப நாளா ஆணி அதிகம் மக்களே, இந்தப் பக்கம் எட்டிப் பாக்கவே முடியல. இன்னைக்கு கொஞ்சம் நேரம் கிடைச்சிருக்கு, அதனால கொசுவத்தி சுத்தப் போறேன். ஓடுறவங்க இப்பவே ஓடிரலாம் :-)

விஷயம் இதுதான். ஆபீஸ்ல புதுசா ஒரு பையன் சேர்ந்திருக்கான். மதியம் சாப்பிடும்போது, "அண்ணே, நீங்க மதுரையா? அப்ப உங்களுக்குப் பிடிச்ச படம் சுப்ரமணியபுரமா, ஆடுகளமா?"ன்னு கேட்டான். காபியா டீயான்னு கேக்குற மாதிரி. மதுரைக்காரனுக்கு இந்த ரெண்டை விட்டா வேற வழியே இல்லையாம்.

ரெண்டும் நல்ல படங்கள்தான். சுப்ரமணியபுரத்துல (2008) 'முரட்டுக்காளை' ஓடுற தியேட்டர் காட்சி ஒண்ணு போதும், 1980-க்கே கூட்டிட்டுப் போயிடும். 'கல்லுக்குள் ஈரம்' பாட்டை அந்தப் படத்துல சசிகுமார் சேர்த்திருக்கிற விதத்துக்கு எத்தனை முறை வேணாலும் பாக்கலாம். ஜேம்ஸ் வசந்தனோட ரீதிகௌளை பத்தி நான் சொல்லி நீங்க தெரிஞ்சுக்கணுமா என்ன. ஆடுகளம் (2011) ஆறு தேசிய விருது வாங்கின படம். ஒரு சேவலுக்காக மனுஷன் எவ்வளவு சின்னவனா ஆவான்னு அதை விட நல்லா யாரும் காட்டல. ஒரே ஒரு வருத்தம். இந்தப் படங்களுக்கு அப்புறம் மதுரைன்னு சொன்னாலே எதிர்ல இருக்கிறவன் நம்ம முதுகுல அருவா இருக்கான்னு எட்டிப் பாக்குறான். எங்க வீட்டுல இருந்த ஒரே அருவா தேங்கா உரிக்கத்தான். அதுவும் மொட்டை.

அந்தப் பையன்கிட்ட நான் சொன்ன பதில் வேற. பிடிச்ச படம் 'வீடு'. பிடிச்ச ஆல்பம் 'ஹவ் டு நேம் இட்?'. "ரெண்டும் கேள்விப்பட்டதே இல்லண்ணே"ன்னான். சரி, தயிர் சாதம் ஆறுதுன்னு விட்டுட்டேன். ஆனா மனசு விடல.

முதல்ல ஆல்பம். 1986-ல இளையராஜா போட்டது. சினிமாவுக்குப் போட்டது இல்ல. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கைன்னு சொல்லி பத்து துண்டு இசை. பாட்டு கிடையாது, வார்த்தை கிடையாது. வி.எஸ்.நரசிம்மனோட வயலின்தான் கதாநாயகன்.

இது எங்க வீட்டுக்கு வந்த கதை ஒரு காமெடி. எங்கப்பா லேத் பட்டறையில வேலை பாத்தவர். கல்யாணமான புதுசுல டவுன்ஹால் ரோட்டுல ஒரு கேசட் கடைக்குப் போயிருக்கார். இளையராஜா பேரைப் பாத்ததும், ஏதோ இங்கிலீஷ் பேர்ல புதுப்படம் வந்திருக்கு போலன்னு வாங்கிட்டு வந்துட்டார். அவருக்கு ராஜா மேல தனிப் பாசம். பண்ணைப்புரம், தேனி மாவட்டம் பிரியறதுக்கு முன்னாடி மதுரை ஜில்லாதானே. "நம்ம ஜில்லாக்காரர்"னுதான் இன்னைக்கும் சொல்லுவார்.

வீட்டுக்கு வந்து டூ இன் ஒன்ல போட்டா, வயலின் ஓடுது. "பாட்டு இப்ப வரும், இப்ப வரும்"னு ஏ பக்கம் முழுசா உக்காந்திருக்காங்க. திருப்பிப் போட்டு பி பக்கமும் கேட்டிருக்காங்க. வரவே இல்ல. அம்மா கேட்டுச்சாம், "ஏங்க, பாட்டே இல்லாத கேசட்டுக்கா காசு குடுத்துட்டு வந்தீங்க?" அந்தக் கேள்வியை முப்பது வருஷமா எங்க வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காங்க. அப்பா எதை ஏமாந்து வாங்கிட்டு வந்தாலும், அது அழுகின தக்காளியா இருந்தாலும் சரி, "இந்தா, பாட்டில்லாத கேசட்டு"ன்னுதான் அம்மா சொல்லும்.

நான் அதைக் கேட்டு வளர்ந்தவன். கேட்டு வளர்ந்தேன்னா ரசிச்சேன்னு அர்த்தம் இல்ல. கொசு, ஃபேன் சத்தம், பக்கத்து வீட்டு மிக்சி மாதிரி அதுவும் வீட்டோட ஒரு சத்தம். அப்பா எதுக்கு அதைத் தூக்கிப் போடாம வச்சிருந்தார்னு நான் யோசிச்சதே இல்ல.

இப்ப படத்துக்கு வர்றேன். 'வீடு' 1988-ல வந்துச்சு. பாலு மகேந்திரா. வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொன்னதால, ஆபீஸ்ல வேலை பாக்குற சுதாங்கிற பொண்ணு (அர்ச்சனா) வளசரவாக்கத்துல இருக்கிற தாத்தாவோட மனையில ஒரு சின்ன வீடு கட்டப் பாக்குது. அவ்வளவுதான் கதை. பாட்டு, சண்டை ஒண்ணும் கிடையாது. லோன், நகை, ஏமாத்துற கான்ட்ராக்டர், மழை. அர்ச்சனாவுக்கு சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைச்சுது. படத்துக்கு சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது. தாத்தாவா வர்றவர் சொக்கலிங்க பாகவதர், பழைய நாடக மேடைக்காரர். அவருக்கு என்ன விருது குடுத்தாலும் பத்தாது.

நான் பாத்தது தியேட்டர்ல இல்ல, டிவியில இல்ல. பெருங்குடி ரூம்ல, ராத்திரி ஒரு மணிக்கு. அன்னைக்கு ரிலீஸ். டெப்ளாய்மென்ட் முடியற வரைக்கும் தூங்கக் கூடாது. யூட்யூப்ல ஏதோ தேடப்போய் இது மாட்டுச்சு. ஒரு கண்ணு லாக்ல, ஒரு கண்ணு படத்துல.

தாத்தா தனியாக் கிளம்பி, கட்டி முடியாத வீட்டைப் பாக்கப் போற காட்சி. பூச்சு இல்ல, கதவு இல்ல. அந்த மனுஷன் ஒவ்வொரு அறையா நின்னு பாக்கிறார். பின்னாடி வயலின். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அடப்பாவி, இது எங்க வீட்டுக் கேசட்டாச்சே!

பாலு மகேந்திரா அந்த ஆல்பத்துல இருந்துதான் 'வீடு' படத்துக்கு இசையை எடுத்துக்கிட்டார்ங்கிறது விஷயம் தெரிஞ்சவங்களுக்கு எல்லாம் தெரியும். எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். என் லாக்ல ரெண்டு எரர் ஓடிட்டே இருந்துச்சு, பாக்கல. (மேனேஜர் இதைப் படிக்க மாட்டார்ங்கிற தைரியத்துல எழுதுறேன்.)

ஏன் அந்தக் காட்சி அப்படி அடிக்குதுன்னு அப்புறம் நிறைய யோசிச்சிருக்கேன். என்னோட கருத்து இது, ஒத்துக்கணும்னு இல்ல. படத்துக்குன்னே போடுற பின்னணி இசைக்கு அடுத்து என்ன நடக்கப் போகுதுன்னு தெரியும். ஆள் சாகப் போறாருன்னா ஷெனாய் முன்னாடியே வந்து கர்சீப்பை எடுத்துக்கோன்னு சொல்லிடும். இந்த இசைக்கு அந்தத் தாத்தாவைத் தெரியாது. அவரு கட்டின வீட்டுல குடி போகாமலே போய்ச் சேரப் போறார்னும் தெரியாது. அது பாட்டுக்கு தியாகராஜரோடயும் பாக்கோடயும் பேசிக்கிட்டிருக்கு. அதனால அவரைத் தொந்தரவு பண்ணாம கூடவே நடக்குது. அழுன்னு நம்மளை யாரும் சொல்லல. அதான் அழுகை வருது.

இதைச் சொன்னா, "இது சும்மா கர்நாடக சங்கீதத்தையும் வெஸ்டர்னையும் கலந்த கூட்டு"ன்னு ஒரு நண்பன் சொல்லுவான். பாக்கோட தனி வயலின் இசையை எடுத்துக்கிட்டு, 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'னு ராஜா ஒரு துண்டு பண்ணியிருக்கார். அதை ஹெட்போன்ல கேளுங்க. கூட்டு இல்ல, வீட்டுக்கு வந்த பெரிய மனுஷனை உக்கார வச்சு மரியாதையாப் பேசுற மாதிரி இருக்கும். தலைப்புலயே வீடு இருக்கு பாருங்க.

சரி, இப்ப நான் எழுத வந்த மேட்டர்.

எங்க வீடு நத்தம் ரோட்டுல, ஊமச்சிகுளத்துக்கு உள்ள தள்ளி இருக்கு. மூணு சென்ட். 2004-ல வானம் தோண்டினப்ப எனக்கு ஏழு வயசு. சுத்தி ஒண்ணும் கிடையாது. பொட்டல், உடைமரம், வடக்க பாத்தா அழகர்மலை. லிண்டல் வரைக்கும் சுவர் எழும்பி, காசு தீர்ந்து போய் அப்படியே நின்னுடுச்சு. மூணு மழை அந்தச் சுவர் மேலயே பெய்ஞ்சுது. அம்மாவோட ஆரம் அடகுக்குப் போச்சு, திரும்பல. அம்மா சிரிக்கிறதே குறைஞ்சுது. 2007-ல கான்கிரீட் போட்டு, 2008-ல பால் காய்ச்சினோம். அந்த வருஷம்தான் சுப்ரமணியபுரம் வந்துச்சு. ஊரே பாத்துச்சு, நாங்க பாக்கல. தியேட்டருக்குக் குடுக்கிற காசுல ரெண்டு சட்டி மணல் வாங்கலாம்னு அப்பா கணக்குச் சொல்லுவார். அதனாலதான் தம்பி அந்தப் படம் என் லிஸ்ட்ல ரெண்டாவதா இருக்கு.

பாலு மகேந்திரா மட்டக்களப்புக்காரர். சின்ன வயசுல அவங்க வீட்டுல வீடு கட்ட ஆரம்பிச்சப்ப அம்மாவோட சுபாவமே மாறிப் போனதுதான் இந்தப் படத்துக்கு விதைன்னு சொல்லியிருக்கார். அதைப் படிச்சதும் எனக்கு எங்கம்மாதான் ஞாபகத்துக்கு வந்துச்சு.

இப்ப நத்தம் ரோடு பழைய நத்தம் ரோடு இல்ல. 2023 ஏப்ரல்ல ஏழு கிலோமீட்டருக்கு மேல நீளமா மேம்பாலம் திறந்தாங்க. அதே வருஷம் ஜூலை 15 கலைஞர் நூற்றாண்டு நூலகம். எங்க மூணு சென்ட்டோட விலை எங்கயோ போயிடுச்சு. இங்கிட்டு நான் சென்னையில வாடகை கட்டிக்கிட்டு இருக்கேன். ஆக, ஐயாவுக்கு ஒரு ஐடியா. அதை வித்து, சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டி, அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வந்துடறது. எக்செல்ல ஷீட் போட்டேன். வட்டி, வாடகை மிச்சம், வரி எல்லாம் போட்டுப் பாத்தா கணக்கு சும்மா நச்சுன்னு நிக்குது. தீபாவளி லீவுல பேசிடலாம்னு ஊருக்குப் போனேன். போன இடத்துல சும்மா இருக்காம, "அப்பா, உங்க கேசட் ஒரு படத்துல வருது"ன்னு சொல்லித் தொலைச்சேன்.

மொபைலை டிவியில கனெக்ட் பண்ணி மூணு பேரும் பாத்தோம். அப்பா படமாவே பாக்கல, சைட் இன்ஸ்பெக்‌ஷன் மாதிரி பாத்தார். "செங்கலை நனைக்காம வைக்கிறான் பாரு." "சிமெண்ட்டு கம்மி." கான்ட்ராக்டர் ஏமாத்துறது வெளிய வந்தப்ப அம்மா, "நம்ம கொத்தனார் தங்கமான மனுசன்"னு சொல்லிட்டு மறுபடி டிவியைப் பாத்துச்சு.

தாத்தா காட்சி வந்துச்சு. வயலின் ஆரம்பிச்சதும் அப்பா நிமிந்து உக்காந்தார். ஒண்ணும் பேசல. காட்சி முடிஞ்சதும் மெதுவாச் சொன்னார்.

"சிமெண்ட்டு மூட்டைக்குக் காவல் படுப்பேன்ல, அப்ப இதைத்தான் போட்டுக் கேப்பேன்."

எனக்கு இது தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது போல. பட்டறை முடிஞ்சு சைக்கிள்ல வந்து, சுவருக்குத் தண்ணி ஊத்திட்டு, கூரை இல்லாத அந்த வீட்டுக்குள்ளயே படுத்துக்குவார்னு தெரியும். பேட்டரி போட்ட டூ இன் ஒன்னும் கூடப் போகும்னு தெரியும்.

"எதுக்குப்பா இதைப் போய்?"

"சினிமாப் பாட்டு கேட்டாத் தூங்கிருவேன்டா. இது தூங்க விடாது. அடுத்து எங்கிட்டுப் போகும்னே தெரியாது. மேல பாத்தா நட்சத்திரம். மூட்டையும் பத்திரம்."

சிரிச்சோம். பாலு மகேந்திரா அந்த இசையைக் கொண்டு போய் ஒரு முடியாத வீட்டுக்குள்ள வச்சார். ஊமச்சிகுளம் பொட்டல்ல ஒரு லேத் பட்டறைக்காரர், படத்தைப் பாக்காமலே, அதையேதான் செஞ்சிருக்கார். அவரு செஞ்சதுக்குக் காரணம் சிமெண்ட்டு.

படத்தோட கடைசியில என்ன ஆகும்னு பாத்தவங்களுக்குத் தெரியும். குடிநீர் வாரியத்துக்காரங்க வந்து, இந்த நிலத்தை எடுத்தாச்சேன்னு சொல்லுவாங்க. அம்மா எந்திரிச்சுப் போய் வாசல் விளக்கைப் போட்டுச்சு. அப்புறம் என்கிட்ட, "ஏதோ பேசணும்னியே?"ன்னு கேட்டுச்சு. "ஒண்ணுமில்லமா, அப்புறம்"னுட்டேன்.

படம் பாத்துத் திருந்திட்டான்னு நினைச்சுடாதீங்க. எக்செல் ஷீட் அப்படியே இருக்கு, கணக்கும் இன்னமும் சரியாத்தான் இருக்கு. அப்பாவுக்கு முழங்கால் வலி, அவசரத்துக்கு ஒரு ஆள் பக்கத்துல இல்ல. ரெண்டு வாரம் கழிச்சு போன்ல சொல்லிட்டேன். எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு, "கணக்கு சரிதான் தம்பி"ன்னார். ஒரு நிமிஷம் கழிச்சு, "அந்த மாதிரி கேசட்டு வேற ஏதும் இருக்கா?"ன்னார்.

'வீடு' படத்தோட நெகட்டிவ் இப்ப இல்லைன்னு பாலு மகேந்திரா தான் இருக்கும்போதே வருத்தப்பட்டிருக்கார். 2014-ல அவரும் போய்ச் சேர்ந்துட்டார். யாரோ புண்ணியவான் ஏத்தி வச்ச மங்கலான பிரதியிலதான் நான் பாத்தேன். எங்க கேசட்டும் இப்ப ஓடாது, நாடா பூசணம் பிடிச்சுடுச்சு. ஆனா டப்பாவோட ஷோகேஸ்ல இருக்கு.

அப்பாவுக்கு 'நத்திங் பட் விண்ட்' (1988) அனுப்பி வச்சேன். ஹரிபிரசாத் சௌராசியாவோட புல்லாங்குழல். எனக்கு அதுவும் உசிரு. மறுநாள் போன் வந்துச்சு.

"நல்லாத்தாண்டா இருக்கு. ஆனா தூக்கம் வருது."

வீட்டைப் பத்தி அவர் இன்னும் பதில் சொல்லல. நானும் திருப்பிக் கேக்கல.

டிஸ்கி: 'வீடு' பாக்காதவங்க பாத்துடுங்க. வீடு கட்டிக்கிட்டு இருக்கிறவங்க மட்டும் கட்டி முடிச்சிட்டுப் பாருங்க :-)