காவலன் விழித்திருக்கின்றானா?

மின்சாரம் என்றவுடன் விளக்கையும் விசிறியையும் நினைக்கின்றோம். மின்தடை என்றவுடன் மின்வாரியத்தை வைகின்றோம். பேனலின் கண்ணாடி மூடிக்குள் ஆண்டுக்கணக்கில் வாய் திறவாமல் காத்துக் கிடக்கும் ஒரு சிறு கருவியை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அதன் பெயர் ரிலே. அதைச் சோதிக்கும் கருவியைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றேன். நம்மில் பலர் நாள்தோறும் ஏறி வரும் அரக்கோணம் மின்ரயிலின் தலைக்கு மேல் ஓடும் 25,000 வோல்ட் கம்பிக்கும் காவல் இந்த ரிலேதான்.

எனக்குச் சொந்த ஊர் கடம்பத்தூர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தை நம் மாவட்டத்து ரோலிங் மில் ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஆண்டில் அந்த ஆலையில் மோட்டாருக்குச் செல்லும் கேபிள் ஒன்று பழுதாகித் தீப்பொறி கக்கியது. அந்த இணைப்புக்குரிய ரிலே உடனே பிரேக்கரைத் துண்டித்திருக்க வேண்டும். துண்டிக்கவில்லை. அதற்கு மேல்நிலையில் இருந்த மற்றொரு ரிலே சற்றுத் தாமதித்துத் துண்டித்தது. இடைப்பட்ட அந்த ஓரிரு நொடிகளில், நான் பெரியப்பா என்று அழைக்கும் என் தந்தையின் நண்பருக்கு வலக்கை வெந்துபோயிற்று. இன்று அவரால் அந்தக் கையால் சோற்றைப் பிசைந்து உண்ண இயலாது.

பிறகு ரிலேயைத் திறந்து பார்த்தார்களாம். கண்ணாடி மூடி விரிசல் கண்டிருந்தது. அதன் வழியே புகுந்த இரும்புத் தூள், உள்ளே இருந்த நிலைக்காந்தத்தில் ஒட்டித் தட்டைச் சுழலவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. ஆண்டுகள் பலவாக அதை எவரும் சோதிக்கவில்லை. வேலை செய்யும் ரிலேயும் சும்மா இருக்கின்றது. செத்துப்போன ரிலேயும் சும்மா இருக்கின்றது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. சோதனை ஒன்றுதான் அவற்றைப் பிரித்துக் காட்டும்.

சென்ற கோடை விடுமுறையில் அதே ஆலையில் ரிலே சோதனை நடந்தபோது, அளவுகளைக் குறித்துக் கொடுக்கும் உதவியாளாக எனக்கு இடம் கிடைத்தது. சோதிக்க வந்த பெரியவர் மின்வாரியத்தின் எம்.ஆர்.டி. பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மீட்டர்களையும் ரிலேக்களையும் சோதிப்பதே அப்பிரிவின் வேலை.

“என்ன தம்பி படிக்கிறே?” என்றார்.

“பி.எஸ்சி. இயற்பியல், சார்.”

“அப்படின்னா சுழல் மின்னோட்டம் தெரிஞ்சிருக்குமே. இதோ பாரு, அதுதான் இந்தத் தட்டைச் சுத்துது” என்று சொல்லி மூடியைக் கழற்றினார்.

நான் பார்த்தது தட்டு சுழலும் பழைய வகை ரிலே. அத்தகைய ரிலேக்கள் நம் பல்லாவரத்திலேயே, இங்கிலிஷ் எலெக்ட்ரிக் கம்பெனியின் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. கம்பியில் ஓடும் 200 ஆம்பியரை மின்னோட்ட மாற்றி 1 ஆம்பியராகக் குறைத்து ரிலேக்கு அனுப்புகின்றது. ஆகவே ரிலேயைச் சோதிக்க 200 ஆம்பியர் வேண்டியதில்லை. சில ஆம்பியரே போதும். சோதனைப் பெட்டியினுள் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு, அம்மீட்டர், நொடியின் நூறில் ஒரு பங்கையும் காட்டும் கடிகாரம் ஆகியவை உண்டு. ரிலேயின் தொடுமுனை மூடியவுடன் கடிகாரம் நின்றுவிடும்.

சோதனையைத் தொடங்குமுன் அப்பெரியவர் மின்னோட்ட மாற்றியின் இரு முனைகளையும் ஒன்றாகப் பிணைத்தார். மின்னோட்டம் ஓடும்போது அம்முனைகளைத் திறந்து விட்டால் ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் அங்கே எழும் என்றார். அதன்பின் அளவுகளைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நேர அமைப்பு 1 என்று வைத்தால், அமைத்த அளவைப்போல் இரு மடங்கு மின்னோட்டத்திற்குச் சுமார் 10 நொடி. 5 மடங்குக்குச் சுமார் 4.3 நொடி, 10 மடங்குக்குச் சுமார் 3 நொடி. ஆபத்து பெரிதாகப் பெரிதாக ரிலே விரைகின்றது. ஆலைகளில் நேர அமைப்பைக் குறைத்து வைப்பதால் நொடியின் சிறு பகுதியிலேயே வேலை முடிந்துவிடும்.

துண்டிக்க வேண்டிய நேரத்தில் துண்டிக்காதது ஒரு கேடு என்றால், தவறான நேரத்தில் துண்டிப்பது மற்றொரு கேடு. 1965 நவம்பர் 9 அன்று கனடாவின் நயாகரா மின்நிலையத்தில், பழைய சுமைக்கேற்பத் தாழ்வாக அமைத்திருந்த ஒரு ரிலே இயங்கியதால் சுமார் 3 கோடி மக்கள் இருளில் மூழ்கினர். 2012 ஜூலை 30, 31 ஆகிய நாட்களில் வட இந்தியா இருண்டதற்கும், மிகுந்த சுமையைப் பழுதென எண்ணி பினா – குவாலியர் 400 கிலோவோல்ட் பாதையை ரிலே துண்டித்ததே தொடக்கம். இன்றைய எண்ணியல் ரிலேக்கள் தம்மைத் தாமே சோதித்துக்கொள்கின்றன என்பது உண்மையே. ஆயினும் வெளியே ஓடும் ஒயரும், பிரேக்கரைத் துண்டிக்கும் சுருளும், அதற்கு மின்சாரம் தரும் பேட்டரியும் செம்மையாக உள்ளனவா என்பதை மனிதன்தான் சோதித்தறிய வேண்டும்.

இவ்வளவு தெரிந்தும் சோதனை ஏன் தள்ளிப்போகின்றது? சோதிக்க வேண்டுமானால் ஆலையை நிறுத்த வேண்டும். முதலாளிக்கு ஒரு நாள் உற்பத்தி போகும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி போகும். ஆகவே தொழிலாளரும் அந்த நாளை விரும்புவதில்லை. கோடையில் சோதனை நடந்த அன்று என் தந்தைக்கும் கூலி இல்லை. அதுபற்றி அவரிடம் கேட்டேன். “ஒரு நாள் கூலி போனாப் போவுது. அண்ணனுக்குப் போன கை திரும்பி வருமா?” என்றார். எனினும் அந்த வாரம் வீட்டுச் செலவைச் சுருக்கியவர் என் தாயார் என்பதையும் நான் அறிவேன். உயிரைக் காக்கும் சோதனைக்கு ஏழையின் கூலியை விலையாகப் பெறுவது முறையன்று. சோதனை நாளுக்கும் கூலி உண்டு என்று ஒரு விதி செய்தால், அதை முதலில் வரவேற்பவர் தொழிலாளராகவே இருப்பர்.

நண்பர்களே! நம்முள் சிலர் நாளை கும்மிடிப்பூண்டியிலோ திருவள்ளூரிலோ மேற்பார்வையாளராகப் பணியில் அமரக்கூடும். முதல் நாளன்று உங்கள் நாற்காலியைப் பார்க்குமுன் பேனலில் ஒட்டியிருக்கும் சிறு சீட்டைப் பாருங்கள். கடைசியாகச் சோதித்த நாள் எது என்று அதில் எழுதியிருக்கும். அந்த நாள் கடந்து நெடுங்காலம் ஆகியிருந்தால், சோதித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.